பூஜ்யத்தில் ஒரு துடிப்பு

உள்ளீட்டின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்துக் கட்டிய பிறகும், லேப்டாப் திரையில் இருந்த கோடு ஏறி இறங்கியது. ஏறக் கூடாது, இறங்கவும் கூடாது. அந்தச் சின்னப் பச்சை சர்க்யூட் போர்டின் நடுவில் உட்கார்ந்திருக்கும் சிப்புக்கு ஒரே வேலைதான். வெளியிலிருந்து வரும் மிகச் சிறிய மின்னழுத்தத்தை அளந்து, எண்ணாக மாற்றிச் சொல்ல வேண்டும். வருகிற வழியையே கம்பியால் அடைத்துவிட்டால் அது பூஜ்யம் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்க வேண்டியதுதான். கொஞ்சம் சலசலக்கலாம், அது எல்லாச் சிப்புக்கும் உள்ள பிறவிக் குணம். ஆனால் இந்தக் கோடு நிதானமாக மேலே போனது, ஒரு கணம் நின்றது, பிறகு நிதானமாகக் கீழே வந்தது.

தராசு செய்யும் கம்பெனியில் அவள் எஞ்சினியர். மருந்துக் கடைக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் போகிற தராசு, ஒரு தலைமுடியை வைத்தாலும் எடை சொல்லும். பூஜ்யம் பூஜ்யமாக நிற்காத எதையும் அவள் வெளியே விட மாட்டாள் என்பதால் ஆபீஸில் அவளுக்கு ஜீரோ மேடம் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் எப்படியோ முகத்துக்கு நேராகவும் வந்துவிட்டது. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது ஏழாம் மாதம். வரும் வாரத்திலிருந்து நீண்ட விடுப்பு. அதற்குள் இந்தப் புதுச் சிப்பை ஒரு கை பார்த்துவிட்டுப் போகலாம் என்று அரைநாள் வேலை முடிந்த பிறகும் தங்கிவிட்டாள். சிப் எங்கேயும் ஓடிப் போய்விடாது, வீட்டுக்குப் போய் காலை நீட்டிப் படுக்கச் சொல்லிவிட்டு முதலாளி கிளம்பினார். மற்றவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. அவளுடைய கணவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். சாயங்கால வகுப்பு முடிந்ததும் வந்து அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தான்.

அளக்கும் அறை கீழ்த்தளத்தில் இருந்தது. சுவர், கூரை, தரை என்று எல்லாப் பக்கமும் செப்பு வலை அடித்த அறை, வெளியுலகத்தின் ரேடியோ, டிவி, செல்போன் எதுவும் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. கதவு குளிர்சாதனக் கிடங்கின் கதவைப் போலக் கனமாக இருக்கும். அதைச் சாத்தினால் காது அடைத்துக்கொள்ளும், நம் எச்சிலை நாமே விழுங்குகிற சத்தம் கேட்கும். மேலே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. இங்கே அதைச் சொல்ல ஒரு ஜன்னல்கூட இல்லை.

சந்தேகம் வந்தால் முதலில் சப்ளையைப் பிடி என்பது இந்தத் தொழிலின் பால பாடம். இந்த போர்டுக்கு இரண்டு விதமாகத் தீனி போட வேண்டும், அளக்கும் பாதிக்கு ஒன்று, எண்ணாக்கும் பாதிக்கு ஒன்று. முன்னதற்கு முதலில், பின்னதற்கு அப்புறம். அந்த வரிசையில்தான் அவள் கொடுத்திருந்தாள். இருந்தாலும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மேஜைமேல் இருந்த பவர் சப்ளையை மாற்றிப் பார்த்தாள். கோடு முன்பைவிடக் கொஞ்சம் உயரமாக எழுந்து தாழ்ந்தது. சுவரிலிருந்து வரும் மின்சாரமே வேண்டாம் என்று பாட்டரிகளைக் கட்டி அதில் ஓட்டினாள். லேப்டாப்பும் அதன் சொந்தப் பாட்டரியில் ஓடியது, அதற்கும் போர்டுக்கும் நடுவில் வெறும் கண்ணாடி இழைதான், வெளிச்சம் மட்டும் கடக்கும். கோடு இன்னும் உயரமாக, இன்னும் சுத்தமாக எழுந்தது.

எஞ்சியிருப்பது மேலே எரியும் விளக்கு. எல்.இ.டி. விளக்குகள் அளப்பவர்களுக்கு ஜென்ம விரோதிகள், கண்ணுக்குத் தெரியாமல் எதையாவது உமிழ்ந்துகொண்டே இருக்கும். அவள் எழுந்து அதையும் அணைத்தாள். பழைய சப்ளையின் விசிறி நின்றுபோய், விளக்கின் மெல்லிய ரீங்காரமும் நின்றுபோய், ஈயப்பற்று வைத்த பிசின் வாசனையும் செப்பின் வாசனையும் இருட்டில் திடீரென்று கனத்தன. அறையில் இரண்டே வெளிச்சம். ஒன்று திரை. இன்னொன்று போர்டின் மூலையில் பவர் வந்திருப்பதைச் சொல்லும் கடுகளவு பச்சை விளக்கு.

அப்போதுதான் அந்த நிதானமான அலையின் முதுகில் இன்னொன்று ஏறி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். குட்டிக் குட்டி முனைகள். வேகமாக, சீராக, வினாடிக்கு இரண்டுக்கும் மேலே. விரலால் மேஜையில் தட்டி எண்ணிப் பார்த்தாள், எண்ணிக்கொண்டிருக்கும்போதே விரல் நின்றுவிட்டது. அந்தத் தாளம் அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்து கேட்ட தாளம்.

பயம் வந்தது. ஆனால் பயத்தின் வாலைப் பிடித்துக்கொண்டே விளக்கமும் வந்ததில் அவள் சத்தமாகச் சிரித்துவிட்டாள். இடது மணிக்கட்டில் பட்டை. உடம்பில் சேரும் நிலைமின்சாரம் பாய்ந்து சிப் செத்துவிடாமல் இருக்க, இந்த வேலை செய்கிறவர்கள் எல்லோரும் கட்டிக்கொள்ளும் பட்டை. அதிலிருந்து சுருள் ஒயர் போகும். ஒயரின் கிளிப்பை மேஜையின் எர்த் திருகில் மாட்ட வேண்டும். மேஜையின் திருகு கழன்று போனதிலிருந்து சோம்பேறித்தனமாக எல்லோரும் போர்டின் ஓரத்துத் திருகிலேயே மாட்டிவிடுகிறார்கள், அவளும் காலையில் அப்படித்தான் மாட்டியிருந்தாள். ஆக, வெளியுலகத்தையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டுத் தன்னை மட்டும் போர்டோடு கட்டிப்போட்டிருக்கிறாள். நிதானமான அலை அவளுடைய மூச்சு. முனைகள் குழந்தை. ஜீரோ மேடம் பண்ணுகிற வேலையா இது என்று நாளைக்கு ஊரே சிரிக்கும்.

கிளிப்பைக் கழற்றிவிட்டுப் பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அதுதான் முறை. கழற்றக் கையையும் நீட்டினாள். ஆனால் மனசு வரவில்லை.

முதல் குழந்தை ஐந்தாம் மாதத்தில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனது. வலி இல்லை, ரத்தம் இல்லை, ஒன்றும் இல்லை. ஸ்கேன் அறையில் டாக்டர் பேச்சை நிறுத்தியதுதான் அவளுக்குக் கிடைத்த முதல் செய்தி. அதிலிருந்து இரண்டு ஸ்கேன்களுக்கு நடுவில் வரும் நாட்களை அவள் வாழ்ந்தாள் என்று சொல்ல முடியாது, தள்ளினாள். ராத்திரியில் எழுந்து வயிற்றில் கை வைத்து உதைக்காகக் காத்திருப்பாள். கணவன் தூக்கக் கலக்கத்தில், “குட்டியாவது தூங்கட்டும் விடும்மா” என்பான். இப்போது குட்டியின் இதயம் இதோ கண் முன்னால் ஓடுகிறது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், வரிசையில் உட்கார வேண்டாம். கொஞ்ச நேரம் பார்க்கலாம், பார்த்தால் என்ன குறைந்துவிடப் போகிறது.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை. முனைகள் ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஒரு நூல் உயரமாக எழுந்தன, திரையின் அளவை ஒருமுறை மாற்றி வைத்தாள், பிறகு மறுபடியும். எவ்வளவு நேரம் போனதென்று தெரியவில்லை. கைவிரல் நுனிகள் சில்லிட்டிருந்தன. அறைக்குள் பிசின் வாசனை போய், வேறொரு வாசனை வந்திருந்தது. இதமான, லேசாகப் பால் கலந்த வாசனை. எங்கே முகர்ந்தது என்று தேடியபோது, அக்கா மகன் பிறந்த அன்று அவனைத் தூக்கி உச்சந்தலையை முகர்ந்தது ஞாபகம் வந்தது.

வாசனை போர்டிலிருந்து வந்தது.

குனிந்தாள். சத்தமும் கேட்டது. போர்டில் இருக்கும் கப்பாசிட்டர்கள் சில சமயம் பாடும், அது ஒன்றும் அதிசயமில்லை, மின்சாரம் ஏறி இறங்கும்போது மெல்லியதாக ஙொய் என்று ஒரு ஒலி வரும். இது ஙொய் என்று இல்லை. ஈரமாக இருந்தது. விட்டு விட்டு வந்தது. சப்பும் சத்தம். நடுவில் ஒருமுறை நிறுத்தி, மூக்கால் மூச்சு வாங்கிவிட்டு, மறுபடி சப்பும் சத்தம்.

அவள் நிமிர்ந்தாள். வயிற்றில் கை வைத்தாள். சாப்பிட்ட பிறகு குட்டி ஒரு ஆட்டம் போடும், அது தினமும் நடப்பது. இன்றைக்கு அது போட்டதா என்று யோசித்தாள். போட்டதாக ஞாபகம் இல்லை. தூங்கும், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இவ்வளவு நன்றாகத் துடிக்கிறதே, தூங்கத்தான் செய்யும்.

கை ஏதாவது வேலை கேட்டது. பாட்டரியிலிருந்து எவ்வளவு மின்சாரம் போகிறது என்று மீட்டரை வைத்துப் பார்த்தாள். பூஜ்யம். மீட்டரின் முனையை அழுத்திப் பிடித்துப் பார்த்தாள். நல்ல, அசையாத, சுத்தமான பூஜ்யம். இவ்வளவு நாள் இந்த வேலையில் அவள் தேடி அலைந்த பூஜ்யம். பாட்டரியின் பிளக்கைப் பிடித்து உருவினாள்.

பச்சை விளக்கு எரிந்தது. கோடு ஓடியது.

இதற்கும் ஒரு விளக்கம் உண்டு. அதை அவளே புதிதாகச் சேர்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். சப்ளை வராத நேரத்தில் உள்ளே வரும் வேறு ஏதாவது ஒரு கம்பியில் மின்சாரம் இருந்தால், சிப் அந்த வழியாகவே அதை உறிஞ்சிக்கொண்டு அரை உயிரில் ஓட ஆரம்பித்துவிடும். முன்வாசலில் சோறு போடாவிட்டால் பின்வாசல் வழியாகத் தின்னும் என்பாள், எல்லோரும் சிரிப்பார்கள். இப்போது போர்டில் மிச்சமிருக்கும் ஒரே கம்பி, சுருள் சுருளாக அவளுடைய மணிக்கட்டுக்கு வந்தது. அந்தப் பட்டைக்குள் பெரிய மின்தடை ஒன்று வைத்திருப்பார்கள். அதன் வழியாக இவ்வளவு மின்சாரம் போக முடியாது. இந்தக் கணக்கு அவளுக்குத் தூக்கத்திலும் வரும். முடியவே முடியாது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது, முன்பைவிடப் பிரகாசமாக.

பட்டையைப் பிய்த்து எறிந்தாள். ஒயர் தரையில் விழுந்து சுருண்டது. திரையில் நிதானமான அலை சட்டென்று மறைந்தது. அவளுடைய மூச்சு மறைந்தது, அது நியாயம்.

முனைகள் மறையவில்லை.

எங்கிருந்தும் மின்சாரம் வராத போர்டிலிருந்து, வெறும் கண்ணாடி இழை வழியாக, வினாடிக்கு இரண்டுக்கும் மேலே அவை வந்துகொண்டே இருந்தன. அவள் இரண்டு கையாலும் வயிற்றை அழுத்தினாள். ஒரு பக்கமிருந்து தள்ளிப் பார்த்தாள். தள்ளினால் பதிலுக்குத் தள்ளுகிற குழந்தை அது. பதில் இல்லை. டாக்டர் சொல்லியிருந்தபடி பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு, தரையில் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தாள். செப்பு வலை கன்னத்தில் பதிந்தது. காத்திருந்தாள். வயிறு கனமாக, அமைதியாக, தரைப் பக்கமாகச் சரிந்து கிடந்தது. மேஜைமேல் சப்பும் சத்தம் நின்று, ஒரு சிணுங்கல் ஆரம்பித்தது.

ஆஸ்பத்திரி. எழுந்தாள், கதவை நோக்கி நடந்தாள், கைப்பிடியைப் பிடித்துத் திரும்பிப் பார்த்தாள். திரும்பிப் பார்க்காமல் போயிருக்கலாம். விளக்கு மங்கிக்கொண்டிருந்தது. முனைகள் குட்டையாகிக்கொண்டிருந்தன. இரண்டு முனைகளுக்கு நடுவில் இடைவெளி நீண்டது. ஒன்று. பிறகு ஒன்று. பிறகு, அடுத்தது வருமா என்று காத்திருக்க வேண்டிய அளவுக்கு ஒரு இடைவெளி.

அந்த இடைவெளி அவளுக்குத் தெரியும். டாக்டர் பேச்சை நிறுத்திய இடைவெளி.

ஓடி வந்தாள். தரையில் தடவினாள், பட்டை கிடைத்தது, மாட்டினாள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு அவளுடைய மூச்சு திரையில் எழுந்தது, அதன் முதுகில் முனைகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டன, விளக்கு நிமிர்ந்தது. சிணுங்கல் நின்றது. அவள் அழுதாள். பயத்தில் அழுதாளா நிம்மதியில் அழுதாளா என்று கேட்டால் அவளுக்கே தெரிந்திருக்காது. இரண்டும்தான்.

தொட்டுப் பார்த்தாள். சிப் சூடாக இல்லை. வெதுவெதுப்பாக இருந்தது, நெற்றியைத் தொட்டுப் பார்க்கும்போது இருக்குமே, அந்த வெதுவெதுப்பு. விரலின் கீழே அது லேசாக அமிழ்ந்து எழுந்தது.

கையை எடுக்கவில்லை.

உட்கார்ந்தாள். யோசிக்க முயன்றாள். எழுந்து போனால் இது நிற்கும். இது நின்றால். அதற்கு மேல் அந்த யோசனை போகவில்லை. போர்டையே தூக்கிக்கொண்டு, பட்டையோடு சேர்த்து, படியேறி, தெருவுக்கு. எழுந்து பார்த்தாள். மறுபடி நாற்காலியில் விழுந்தாள். கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மரத்துப் போயிருந்தது. திரையில் அவளுடைய மூச்சின் அலை முன்பைவிடச் சிறியதாக இருந்தது. முனைகள் முன்பைவிடப் பெரியதாக இருந்தன. எது எதைத் தின்கிறது என்பதற்கு எஞ்சினியரிங் படித்திருக்க வேண்டியதில்லை.

அலை சிறியதானது. இன்னும் சிறியதானது. பிறகு முனைகளும் தயங்கின. விளக்கு ஒருமுறை சிமிட்டியது. அவளிடம் மிச்சமிருப்பது அதற்குப் போதவில்லை. சிணுங்கல் மறுபடி ஆரம்பித்தது, இப்போது பசியோடு.

“இரு, இரு,” என்றாள். “அம்மா இருக்கேன்.”

கதவு திறந்தது. வெளியிலிருந்து ஒரு பட்டை வெளிச்சம் தரையில் விழுந்தது, சாயங்கால வெளிச்சம், மனிதர்கள் நடமாடுகிற உலகத்தின் வெளிச்சம். கணவன் நின்றான். எவ்வளவு நேரமாக போன் பண்ணுவது, வாட்ச்மேனைக் கேட்டால் கீழே இருப்பதாகச் சொல்கிறார், இருட்டில் உட்கார்ந்து என்ன வேலை என்று கேட்டுக்கொண்டே வந்தவன், அவளுடைய முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினான். கதவு அவனுக்குப் பின்னால் தன் கனத்தில் தானே சாத்திக்கொண்டது.

“என்னம்மா ஆச்சு?”

“குட்டி அசையலைங்க,” என்றாள். “ரொம்ப நேரமா அசையலை.”

“எந்திரி. ஆஸ்பத்திரிக்குப் போலாம். ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்ல.”

வேண்டாம், தொடாதீங்க, என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் குனிந்து, பட்டை கட்டாத அவளுடைய வலது கையைப் பிடித்துவிட்டான்.

திரையில் மூன்றாவதாக ஒரு அலை எழுந்தது. பெரிய அலை. ஆரோக்கியமான மனிதனின் ஆழமான மூச்சு. முனைகள் அதன் மேல் தாவி ஏறின, உயர்ந்தன, உயர்ந்துகொண்டே போயின. பச்சை விளக்கு செப்புச் சுவர் நான்கிலும் பளபளத்தது. சிணுங்கல் அடங்கி, ஆவலோடு, அவசரத்தோடு, சப்பும் சத்தம்.

அவன் அவளைத் தூக்கி நிறுத்தப் பார்த்தான். பாதியில் நின்றான்.

“தலை சுத்துற மாதிரி இருக்கும்மா,” என்றான். “ஒரு நிமிஷம் உக்காந்துக்கறேன். அப்புறம் போலாம்.”

அவளுடைய காலடியில் சரிந்து உட்கார்ந்தான். கை அவளுடைய கையில்தான் இருந்தது. கையை விடுங்க என்றால் விட்டுவிடுவான். அவள் சொன்னால் எதையும் கேட்கிறவன். அவள் அவனைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். முனைகள் நன்றாக இருந்தன, இவ்வளவு நன்றாக எந்த ஸ்கேனிலும் இருந்ததில்லை. பெரிய அலை கொஞ்சமாகத் தாழ ஆரம்பித்திருந்தது.

“ம்,” என்றாள். “உக்காருங்க. அவசரம் இல்ல.”

மரத்துப்போன இடது கையை மெல்லத் தூக்கி, அவனுடைய கை நழுவிவிடாதபடி அதன் மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.